வெள்ளி இழை வளர்த்த விரல்

பெயர் கனீஸ் பாத்திமா, வயது 15, த/பெ குத்புதீன், பத்தாம் வகுப்பு மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி. 1980-ஆம் ஆண்டு தேர்தல் நாளன்று பிற்பகல் காவல் நிலையத்தில் விசாரித்தபோது கூறியதாவது:

என் தந்தை மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள் (காயில்) கட்டும் தொழில் செய்கிறார். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஆசிரியை வசந்தா எனக்கு வெள்ளி நைட்ரேட் கரைசல் கொடுத்திருந்தார். நேற்று மாலை தந்தை ஒரு செம்புக் கம்பியின் வார்னிஷைச் சுரண்டி, கம்பியை அந்தக் கரைசலில் தொங்கவிட்டார். அதன் பிறகு கம்பி முழுவதும் தலைமுடியைவிட மெல்லிய வெள்ளி இழைகள் முளைத்தன. இருவரும் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு தந்தை கம்பியை இடது கையால் எடுத்தபோது கரைசல் ஆள்காட்டி விரலில் வழிந்தது. காலையில் விரல் கறுத்திருந்தது. சோப்புக்குப் போகவில்லை.

இன்று தந்தையுடன் நானும் வாக்குச்சாவடிக்குப் போயிருந்தேன். அங்கே அந்த விரலைப் பார்த்து ஓட்டு மை என்று நினைத்த கட்சி ஏஜெண்டு ஒருவர், "பாய், ஒரு ஓட்டு பத்தலியா?" என்று கத்தினார். அதன் பிறகு கள்ள ஓட்டுப் போட வந்ததாகத் தந்தையை இங்கே கொண்டுவந்தார்கள். அவர் இன்னும் ஓட்டே போடவில்லை. நான் வீட்டுக்குப் போய் இழைகளையும் கரைசலையும் கண்காட்சிக்கு வைத்திருந்த ஹைட்ரஜன் பெராக்சைடையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

நாங்கள் வளர்த்தது வெள்ளி இழைதான் என்று காட்ட, இன்ஸ்பெக்டர் ஐயா முன்னிலையில் தந்தையின் வெள்ளி மோதிரத்தை ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டேன். சில குமிழிகளே வந்தன. அதன் பிறகு இழைகளைப் போட்டதும் நுரை பொங்கி மேசையில் வழிந்தது. ஒரே வெள்ளிதான், இழையாக இருந்தால் மேற்பரப்பு அதிகம், வினையை வேகப்படுத்தும், ஆனால் வெள்ளி செலவாகாது என்று விளக்கினேன்.

"அதெல்லாம் சரி பாப்பா, விரலுக்கு என்ன சாட்சி?" என்றார் இன்ஸ்பெக்டர் ஐயா.

ஓட்டு மையிலும் வெள்ளி நைட்ரேட்தான் இருக்கிறது, வெயில் பட்டால் கறுக்கும் என்றேன். உடனே இதை எழுதும் ஏட்டு கலியபெருமாள் ஐயா, "கொண்டா பார்ப்போம்" என்று தம் இடது ஆள்காட்டி விரலைக் கரைசலில் தோய்த்து வாசல் வெயிலில் போய் நின்றார். விரல் முதலில் பழுப்பாகி, அதன் பிறகு கறுத்தது.

தந்தை, "ஏட்டய்யா, நீங்க ஓட்டு போட்டாச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லியே பாய்!"

இன்ஸ்பெக்டர் ஐயா சிரித்து முடிக்க நேரமானது. அதன் பிறகு தந்தை மீது குற்றமில்லை என்று வாக்குச்சாவடி அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் ஏட்டு ஐயாவின் பெயரையும் சேர்த்தார். சாவடி மூடுவதற்குள் இருவரும் ஒரே சைக்கிளில் போக வேண்டியிருப்பதால், சீக்கிரம் சொல்லி முடிக்கும்படி ஏட்டு ஐயா கேட்டுக்கொண்டார்.

எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். நான் கண்டதும் செய்ததும் தவிர இதில் வேறொன்றும் இல்லை.

(ஒப்பம்) கனீஸ் பாத்திமா
என் முன்னிலையில்: கலியபெருமாள், ஏட்டு