சாய்ந்து நின்ற இறக்கைகள்

லெயோனி: பின்வாசல் வழியா வந்தியா? யாராவது பார்த்தாங்களா?

ஹெட்விக்: பெல்ஜியத்துக்கு வாழ வந்து இருபது வருஷம் ஆச்சு. இந்த வீட்டுக்கு முன்வாசல் வழியாத்தான் வந்திருக்கேன், அக்கா.

லெயோனி: அது சண்டைக்கு முந்தின காலம்... உட்காரு. சிக்கரித் தண்ணிதான் இருக்கு.

ஹெட்விக்: வேணாம். உங்க அம்மா செவ்வாய்க்கிழமை இறந்தாங்களே, அப்ப எங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?

லெயோனி: இப்ப எதுக்கு அது...

ஹெட்விக்: சொல்லுங்க.

லெயோனி: உங்க காற்றாலை இறக்கையைத் துக்கத்துக்குச் சாய்ச்சு நிறுத்துங்க கமீல்னேன். எந்தச் சாவுக்கும் செய்யறதுதானே.

ஹெட்விக்: நிறுத்தினார். அன்னிக்குச் சாயங்காலமே ஊரைக் காக்க வந்த பிரெஞ்சுப் பீரங்கிங்க மேல ஜெர்மன் குண்டு விழுந்துச்சு. இறக்கையால எதிரிக்குச் சைகை காட்டினான், பெண்டாட்டி ஜெர்மன்காரிதானேன்னு...

லெயோனி: நான் அப்படிச் சொல்லல.

ஹெட்விக்: நீங்க ஒண்ணுமே சொல்லல. சந்தைத் திடல்ல அவரைக் கட்டி இழுத்துட்டுப் போனப்ப, கறுப்பு உடுத்திக்கிட்டு நின்னீங்க.

லெயோனி: கூட்டம் கத்தினதைக் கேட்டியா நீ? எம் மகன் படையில இருக்கான். ஜெர்மன்காரிக்குக் கூட்டாளின்னு பேர் வந்தா அவன் கதி?

ஹெட்விக்: பாதிரியாருக்குத் தெரியும், ரொட்டிக்காரருக்குத் தெரியும், யாரும் வாய் திறக்கல. பிரெஞ்சுப் பட்டாளத்துக்குத்தான் இந்த வழக்கம் தெரியாது. நான் சொன்னா யார் நம்புவாங்க?

லெயோனி: குண்டுல நம்ம ஊர்லயே ஒன்பது பேர் போயிட்டாங்க. யார் மேலயாவது பழி போட்டாத்தான் ஊருக்கு ஆறும்போல இருந்துச்சு...

ஹெட்விக்: அதுக்கு எம் புருஷன்தான் கிடைச்சாரா? உங்க மகன் ஞானஸ்நானத்துக்கு அதே இறக்கையில பூ கட்டினவர்.

லெயோனி: குத்திக் காட்டாதே... சரி. நானே வந்து பிரெஞ்சு அதிகாரிகிட்ட சொல்றேன். எங்கம்மாவுக்காகத்தான்னு.

ஹெட்விக்: நிஜமாவா?

லெயோனி: சத்தியமா. இரு, சால்வையை எடுத்துக்கறேன்.

ஹெட்விக்: அதிகாரி உங்ககிட்ட ஏற்கெனவே வந்து கேட்டாராமே.

லெயோனி: ...யார் சொன்னா?

ஹெட்விக்: கமீல்தான். நேத்து ஒரு நிமிஷம் பார்க்க விட்டாங்க. லெயோனியைக் கேளுங்கன்னு சொன்னேன், அதிகாரி அங்கதான் போயிருக்கார், அவ சொல்லிடுவா, நீ அழாதேன்னார்.

லெயோனி: பயம்டி. அப்படியொரு வழக்கமே இங்க இல்லன்னுட்டேன். வாய் தானா சொல்லிடுச்சு... அதான் இப்பவே போய் மாத்திச் சொல்லிடறேங்கறேன். எழுந்திரு, கிளம்பு.

ஹெட்விக்: காலையிலயே சுட்டுட்டாங்க, அக்கா. அந்த இறக்கையையும் பட்டாளத்துக்காரங்க நேராக்கிட்டாங்க. நான் தொட்டா அதுவும் சைகைம்பாங்க. நீங்க வந்து அவருக்காக ஒரு தடவை சாய்ச்சு நிறுத்துங்க.