கன்னிப்போன கை

நல்ல நரம்பு யாருக்கு அமையும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, சார். மூட்டை தூக்குகிறவருக்கு ஒளிந்துகொள்ளும். என் மாமனாரைப் போல உட்கார்ந்தே தின்றவருக்குக் கயிறு மாதிரி புடைத்து நிற்கும்.

இதய வால்வு மாற்றியவர் அவர். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. அளவு சரிதானா என்று மாதந்தோறும் பரிசோதனை. லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை என்பதால் நானே வீட்டுக்குப் போய் எடுத்துவருவேன். மற்றவர்களின் அலட்சியம் என்னிடம் கிடையாது. முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டை கட்டுவேன். ஸ்பிரிட் தடவினால் தானாகக் காயும்வரை காத்திருப்பேன், ஊதமாட்டேன். பட்டையை அவிழ்த்த பிறகே ஊசியை உருவுவேன். குழாயில் லேபிளை அவர் கண்ணெதிரிலேயே ஒட்டுவேன்.

அவர் என்னை 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார். விருந்தாளிகள் இருந்தால் குரல் இன்னும் உயரும். "எங்க வீட்டு ஊசி வந்தாச்சு."

"அப்பா விளையாட்டுக்குச் சொல்றாருங்க, விடுங்க" என்பாள் என் மனைவி. விட்டேன். வாழ்நாளெல்லாம் நாற்காலியைத் தேய்த்த மனுஷனுக்கு வேறென்ன பேசத் தெரியும்.

ஒருநாள் என் மகள் பொம்மையின் கையில் பட்டை கட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். "கொசு பாக்குற வேலைம்மா அது. உனக்கெதுக்கு?" என்றார். வீடே சிரித்தது. மகளும் சிரித்தாள்.

அடுத்த முறையும் அவர் ரத்தத்தை ஒழுங்காகத்தான் எடுத்தேன். லேபுக்கு வந்து கொட்டிவிட்டேன். கதவைச் சாத்தி, பட்டையைப் பல்லால் இழுத்துப் பிடித்து, என் கையிலிருந்து ரத்தம் எடுத்து அவர் பெயரை ஒட்டினேன். நான் மாத்திரை சாப்பிடாதவன். டாக்டர் முடிவைப் பார்த்து, "மருந்து பிடிக்கவே இல்லையே, கூட்டிடலாம்" என்றார். அதற்கடுத்த முறையும் கூட்டினார். தலை நிமிர்ந்து நோயாளியைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

மாமனாரின் கையெல்லாம் நீலம் பாரித்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. டாக்டரிடம் வாய் திறந்திருந்தால் பிழைத்திருப்பார். அவரோ சட்டையைச் சுருட்டிச் சொந்தக்காரர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். "நம்ம ஊசியோட கைவண்ணத்தப் பாருங்க. தொட்டாலே கன்னிப்போகுது."

பிறகு குளியலறைக் கதவில் தலையை லேசாக இடித்துக்கொண்டார். நீங்களோ நானோ என்றால் தேய்த்துவிட்டுக்கொண்டு போயிருப்போம். அவருக்குத் தலைக்குள் ரத்தம் நிற்காமல் கசிந்தது. மறுநாள் உயிர் போனது. மருத்துவமனையில் வேறொருவர் எடுத்த ரத்தம் நான் கொடுத்ததோடு ஒத்துப்போகவில்லை. அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் மாத்திரையைக் கூட்டி எழுதியவர் டாக்டர். வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவள் அவர் பெற்ற மகள். விழுங்கியவர் அவர். நான் கொடுத்தது என் ரத்தத்தை மட்டும்தான். அந்தக் குடும்பத்துக்காக வேறு யார் சார் ரத்தம் கொடுத்தார்கள்?