சேராம வச்ச முட்டை

— எள்ளுல கால்வாசிகூட இல்ல. இதையா மாமா குளவிங்கிறீங்க?

— லென்ஸை ஆட்டாமப் பிடி புள்ள. குளவிதான், கொட்டாது. கேட்டுக்க, கரும்புல அந்துப்பூச்சி முட்டை வைக்குதுல்ல? அதுக்குள்ள இது தன் முட்டையைச் செருகிரும். புழு வராது, குளவி வரும். இதை வளத்து விடத்தான் பண்ணையில எனக்கு வேலை.

— எங்கக்கா புள்ள பெத்து ஆஸ்பத்திரில கெடக்கா. நாலு நாளா எட்டிப் பாக்கல நீங்க.

— வேலை கழுத்தை நெரிக்குது. இந்தக் கரும்புச் சோகையில பொரிஞ்சதைப் பாரு. அத்தனையும் ஆணு. ஒரு பொட்டை இல்ல.

— உங்கம்மாகிட்ட காட்டுங்க. கும்பிட்டு விழும்.

— வெளையாடாத. பொட்டை இல்லன்னா இதுங்க வம்சம் இத்தோட சரி. எல்லாம் என் தப்பு.

— என்ன செஞ்சீங்க?

— கேட்டுக்க. ஆணு முந்தி வெளிய வரும். வந்து பறந்துராது. பொட்டை வர்ற வரைக்கும் அந்த முட்டை மேலயே நிக்கும். ஒண்ணை ஒண்ணு முட்டித் தள்ளும், ஆனா எடத்தை விடாது.

— குளவிக்குத் தெரிஞ்சிருக்கு, வாசல்ல நிக்கணும்னு.

— நான் அவசரப்பட்டு முட்டை இருந்த டப்பாவைத் தெறந்து தட்டிட்டேன். ஆணு பூரா காத்தோட போச்சு. பின்னால வந்த பொட்டைங்க சேராமலே முட்டை வச்சிருச்சு.

— சேராம வச்சா கூமுட்டைதானே?

— கோழிக்கு அப்படி. இது பொரியும். ஆனா பொரியறது பூரா ஆணு. அதுக்கு அப்பனே கெடையாது. பொட்டை பொறக்கத்தான் அப்பன் வேணும். உங்கக்காகிட்டச் சொன்னப்ப வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

— இப்பச் சிரிக்கல மாமா.

— மூணாவதும் பொண்ணுன்னு நீ வந்து சொன்னதும் காலு எழும்பல. அம்மா வேற ஒப்பாரி வச்சுது. உங்கக்கா மேல எனக்கென்ன கோவம்?

— கோவம் இருந்தாக்கூட வந்து ரெண்டு திட்டு திட்டியிருப்பீங்க. மூணு நாளும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. இன்னைக்குக் காலையில கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னா, சொவத்தைப் பாத்து.

— சாயங்காலம் வர்றேன். பெரியவளுக ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வர்றேன்.

— அவங்களை மத்தியானமே எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயாச்சு. அக்காவும் நேரா அங்கதான் வர்றா.

— புள்ளையை ஒரு தடவை தூக்கிக்கிறேனே. பொண்ணுன்னா என்ன, என் ரத்தம்தானே? சொல்லு புள்ள, அப்பன் வர்றான்னு போய்ச் சொல்லு.

— பொண்ணுன்னு சொல்லச் சொன்னது அக்காதான் மாமா. அப்பவும் வர்றீங்களான்னு பாக்க. பொறந்தது ஆம்பளப் புள்ள. இதுக்கு அப்பன் வேணாமாம், சொல்லிட்டு வரச் சொன்னா.