மிளகுத் தோட்டத்து நான்கு கேமராக்கள்

அலுவிகாரையில் கடை போட்டு ஒன்பது வருடமாகிறது, சார். பெயர் உமாசுதன். நான் பூட்டிக் கொடுத்த ஒரு கேமராவும் பழுதென்று திரும்பி வந்ததில்லை. பல்லேபொல மிளகுத் தோட்டத்தில் இருக்கும் நான்கையும் கழற்றப் போகிறீர்களாம். அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை.

எங்கோ இருக்கும் பெரிய கணினிக்குப் படத்தை அனுப்பிவிட்டுக் கைகட்டி நிற்கிற சாதி இல்லை அவை. தாமே பார்த்து, தமக்குள் பேசி முடிவெடுத்து, படத்தை அழித்துவிடும். வேலிக்கு வருவது பன்றி என்றால் கம்பியில் மின்சாரம் பாயும்; ஆள் என்றால் பாயாது. ஒன்றுக்குக் கற்றுக்கொடுத்தால் மற்ற மூன்றும் கற்றுக்கொள்ளும். பெற்ற பிள்ளைகள்கூட அவ்வளவு சொல் கேட்காது.

காவல்காரர் ஜெயக்காந்தனுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. முதலாளி முன்னால் சொன்னார்: "தம்பி, ஒங்க கேமராவுக்கு ஆளும் தெரியாது, பன்னியும் தெரியாதுங்க. இத நம்பியா என்னைய வீட்டுக்கு அனுப்பப் போறாங்க?"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அப்படிப் பேசியவர்தான் தினமும் காலையில் புல்லுக்கட்டை முதுகில் சுமந்து, குனிந்தபடி வருவார். வேலிக் கம்பியைக் கையால் அழுத்திவிட்டுத் தாண்டுவார். கேமரா தன்னை ஆளென்று கண்டுகொள்ளும் என்ற தைரியம்தானே அது? அந்த நன்றி அவருக்கு இருந்ததா?

உருவம் குனிந்திருந்தால் கேமராக்கள் ஆள் என்றே வைத்துக்கொண்டு, என் போனில் ஒரு தடவை என்னிடம் கேட்டுச் சரிபார்க்கும். திங்கள் முதல் வியாழன் வரை கேட்டன. அவர் தாண்டிப் போன பிறகு, ஒவ்வொரு நாளும் "பன்றி" என்று திருத்தினேன். வெள்ளிக்கிழமை அவை என்னைக் கேட்கவில்லை.

கேமரா பிழைவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான்கு நாளும் அவை சரியாகத்தான் சொன்னன. எழுதிக்கொள்ளுங்கள்: ஜெயக்காந்தனைக் கொன்றது நான்.

அவர் மனைவி சந்திரகாந்தா அக்கா நேற்றுக் கேமராக் கம்பத்தில் கல்லெறிந்தாராம். கூப்பிட்டுச் சொல்லுங்கள், சார். பாவம், அவை அவருக்கு என்ன செய்தன?