இரண்டு மிதி

பழைய கார் காலையில் உயிர்பெற நான்கு நிமிடம் ஆகும். அதற்குள் நான் கண்ணாடியைத் துடைத்துவிடுவேன், ஆகவே அது வீண் இல்லை. இரண்டு வண்டிகளைப் பற்றியும் முதலில் எழுதச் சொன்னீர்கள். வரிசையாகவே எழுதுகிறேன்.

என்னுடையதற்கு நாற்பத்தெட்டு வயது. தகரம் கனம், கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மாப்பிள்ளையுடையது ஏழு பேர் உட்காரும் புது வண்டி. ஏசி, பின்பக்கம் பார்க்கத் திரை, ஆறு காற்றுப்பை. எதற்கெடுத்தாலும் கீச்கீச்சென்று சொல்லும். என் கார் எதுவும் சொல்லாது. நாம்தான் காலாலும் மூக்காலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதனால் எனக்கு ஒரு வழக்கம். கேட்டைத் தாண்டுமுன் பிரேக்கை இரண்டு முறை மிதிப்பேன். முதல் மிதி ஏமாற்றும். இரண்டாவதுதான் உண்மை பேசும். மாப்பிள்ளையிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"இது என்ன மாமா, தையல் மிஷினா, மிதிச்சுக்கிட்டே இருக்க? ஏதாவதுன்னா என் வண்டியே சொல்லும்" என்பார்.

மகள் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

வீட்டில் ஷெட் ஒன்றுதான். போன ஞாயிறு சாப்பிடும்போது மாப்பிள்ளை, "புதன்கிழமை இரும்புக்காரர் வர்றார் மாமா. உங்க கிழவியை எடைக்குப் போட்டுடலாம். மழையில என் வண்டி நனையுது" என்றார்.

"மனசுக்குக் கஷ்டமா இருக்காப்பா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். அது பொய். இந்தக் கடிதத்தில் வேறு பொய் இல்லை.

செவ்வாய் காலை, மாப்பிள்ளை குளிக்கப் போனபோது, புது வண்டியின் பிரேக் ஆயிலை ஒரு மிதிக்கு மட்டும் மிச்சம் விட்டு வடித்தேன். எச்சரிக்கை விளக்கின் ஒயரையும் உருவிவிட்டேன். கொல்லும் எண்ணம் இல்லை. கேட்டருகே இரண்டு மிதி மிதித்தால் தெரிந்துவிடும். இறங்கி வந்து, "நீங்க சொன்னது சரிதான் மாமா" என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

கேட்டை நான்தான் திறந்தேன். அவர் ஒரே ஒருமுறை மிதித்தார்; பிடித்தது. தெருக்கோடியிலிருந்து பாலம் வரை இறக்கம், நீங்களே பார்த்தீர்கள் இன்ஸ்பெக்டர். கூப்பிட நேரம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. நானே சொல்லிவிட்டால் அவர் எப்படிக் கற்றுக்கொள்வார்?

பாலத்துச் சுவர் உடைந்த சத்தம் ஷெட் வரை கேட்டது. மறுநாள் இரும்புக்காரர் சொன்னபடி வந்தார். மூவருக்கும் துக்கம் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

பேத்தியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். "தாத்தா, நான் உன் வண்டியிலதான் ஸ்கூலுக்கு வருவேன்" என்று அன்று அவள் அடம்பிடித்தது உண்மை. அவளைத் தூக்கிப் புது வண்டியில் அம்மா பக்கத்தில் உட்கார வைத்ததும் நான்தான். என் காரில் பின்சீட்டுக்குப் பெல்ட் கிடையாது. குழந்தைகள் விஷயத்தில் நான் மிகவும் கவனமானவன்.