ஒரு சாண் பட்டை

மாமா: பாக்கெட்டைத் தைச்சுக் குடுன்னா தைச்சுக் குடு மாப்ள. உள்ள கையை விட்டு என்னத்தத் துழாவுற?

மாப்ள: இது என்ன மாமா, செக்கச்செவேல்னு தூள்?

மாமா: மூக்குப்பொடி.

மாப்ள: நீங்க எப்போ மூக்குப்பொடி போட ஆரம்பிச்சீங்க?

மாமா: நீ எப்போ போலீஸ் வேலையில சேர்ந்த? தையக்காரன்னா தையி.

மாப்ள: ஒரு பாக்கெட் இல்ல மாமா, ரெண்டுமே கிழிஞ்சிருக்கு. எதையோ திணிச்சுத் திணிச்சு...

மாமா: பூங்கா மேற்பார்வைன்னா சும்மாவா? சாவி, கம்பி, கத்தரின்னு எல்லாம் இதுலதான் கிடக்கும். அதை விடு. நான் வேற விஷயமா வந்தேன். வெள்ளிக்கிழமை மேலிடத்துலேர்ந்து மரத்தைப் பார்க்க வர்றாங்க.

மாப்ள: எந்த மரத்தை?

மாமா: தெரியாத மாதிரியே கேக்குறான் பாரு! உன் கடைப் பின்கதவைத் திறந்தா எதிர்ல நிக்குதே, அது. இந்தச் சுத்துவட்டாரத்துலயே அந்த ஜாதி மரம் மூணுதான் பாக்கி. ஊருக்குள்ள அது ஒண்ணுதான்.

மாப்ள: ஓ... பலகை வச்சீங்களே, அதுவா?

மாமா: பலகையைப் பத்திப் பேசாத.

மாப்ள: எப்படிப் பேசாம இருக்கிறது? 'இதன் பட்டை காய்ச்சல், வயிற்றுவலி, ஆறாத புண் எல்லாவற்றுக்கும் கைகண்ட மருந்து'ன்னு கொட்டை எழுத்துல எழுதிட்டு, அடியில எறும்பு ஊர்ற மாதிரி 'அழிந்துவரும் மரம், காப்போம்'னு எழுதின ஆள் நீங்க ஒருத்தர்தான் மாமா.

மாமா: அருமை தெரிஞ்சா காப்பாத்துவாங்கன்னு நெனச்சேன்டா.

மாப்ள: தெரிஞ்சுதே! மறுநாளே ஆளுக்கொரு கத்தியோட வந்துட்டாங்க. அதுவும் அந்தக் கடைசி வரி... 'ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குச் சிறுநீர்...'

மாமா: மெதுவா! வாசல்ல ஆள் நிக்குது.

மாப்ள: பித்தான் வாங்க வந்த பொண்ணு. அதுக்கும் ஐம்பதுக்கும் சம்பந்தமில்ல.

மாமா: கேளு மாப்ள. வைத்தியருங்க எப்படி எடுப்பாங்க தெரியுமா? ஒரே பக்கம், உள்ளங்கை அகலம். அந்தக் காயம் மூடுற வரைக்கும் திரும்ப அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டாங்க. சுத்தி உரிச்சுட்டா மரம் பட்டுப்போயிடும். இப்போ சுத்திலும் போயி, ஒரே ஒரு சாண் பட்டைதான் மேலயும் கீழயும் இணைச்சுக்கிட்டு ஒட்டியிருக்கு. அதுலதான் உசுரு ஓடுது.

மாப்ள: அடப்பாவமே... நீங்கதான் உடனே வேலி போட்டுப் பூட்டினீங்களே?

மாமா: பூட்டின பிறகும் போச்சே! மூணு பக்கம் வேலி. நாலாவது பக்கம் உன் கடைச் சுவரு, உன் பின்கதவு.

மாப்ள: என்ன மாமா, பேச்சு எங்கேயோ போகுது...

மாமா: உன் பக்கம் உரிச்சவன் லேசுப்பட்டவன் இல்ல. நூல் பிடிச்ச மாதிரி வெட்டு. ஓரத்துல நீலமா ஒரு கோடு வேற.

மாப்ள: ...கோடா?

மாமா: சாக்பீஸ் கோடு. திருடப் போன இடத்துல டேப்பு வச்சு அளந்து, கோடு கிழிச்சு, அப்புறம் வெட்டுறவன் இந்த ஊர்ல எத்தனை பேருடா?

மாப்ள: ...கைப்பழக்கம் மாமா. கோடு போடாம வெட்ட வரமாட்டேங்குது.

மாமா: ஒத்துக்கிட்டியா! என் சந்தேகம்...

மாப்ள: இருங்க, இருங்க. உங்க ஆபீஸ் பக்கம் உரிச்சது யாரு? பூட்டுக்குச் சாவி யார்கிட்ட? இந்தத் தூளை மோந்து பார்த்தேன். அந்தப் பட்டையை உரிச்சா வருமே, அதே பாதாம் வாசனை அடிக்குது. மூக்குப்பொடியாம்ல!

மாமா: மோந்தது போதும், அதை இப்படிக் குடு.

மாப்ள: பேச்சை மாத்தாதீங்க மாமா.

மாமா: எனக்கு இல்லடா. ஆபீஸ் கிளார்க்குக்கு.

மாப்ள: எனக்கும் இல்ல. ஒரு கஸ்டமருக்கு.

மாமா: கஸ்டமர் ராத்திரிக்கு எத்தனை தடவை எழுந்திரிக்கிறாரு?

மாப்ள: நாலு. கிளார்க்கு?

மாமா: அஞ்சு. குளிர் அடிச்சா ஆறு.

மாப்ள: பாவம் கிளார்க்கு.

மாமா: பாவம் உன் கஸ்டமர்... குடிச்ச பிறகு எப்படி?

மாப்ள: சும்மா சொல்லக்கூடாது. ஒரு தடவையோட சரி.

மாமா: கிளார்க்கும் ரெண்டு மாசமா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறான். உனக்கு யாருடா காய்ச்சித் தர்றா?

மாப்ள: அக்காதான்.

மாமா: எந்த அக்கா?

மாப்ள: எனக்கு எத்தனை அக்கா? உங்க வீட்டுல இருக்கிற அதே அக்காதான்.

மாமா: எனக்கும் அவதான்டா காய்ச்சித் தர்றா!

மாப்ள: கிளார்க்குக்குன்னு சொன்னீங்க.

மாமா: நீ கஸ்டமருக்குன்னு சொல்லல? ...வெட்கமா இருக்கு மாப்ள. பலகை வச்சவன் நான். காவலுக்கு இருக்கிறவன் நான். அந்தப் பக்கத்துலேர்ந்து நீ வர, இந்தப் பக்கத்துலேர்ந்து நான் வர... இன்னும் ஒரு சாண் தாண்டியிருந்தா ரெண்டு பேரும் மூஞ்சியோட மூஞ்சி இடிச்சிருப்போம்.

மாப்ள: மரம் போயிருக்கும் மாமா. நல்லவேளை, நீங்க கட்டு போட்டீங்க.

மாமா: நானா? கட்டு போட்டது நீ!

மாப்ள: சத்தியமா இல்ல! ஒருநாள் பின்கதவைத் திறந்தா, மரத்துக்கு இடுப்புலேர்ந்து நெஞ்சு வரைக்கும் கட்டு. மாமாவுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு அன்னிலேர்ந்து கத்தியைத் தொடல.

மாமா: பச்சைக் கோடு போட்ட பைஜாமாத் துணி, உன் கடை வெட்டுத்துணி. உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நானும்ல விட்டேன்!

மாப்ள: அந்தத் துணி இருபது நாளா காணோம் மாமா. கடைக்குள்ள வந்து, கேக்காம கொள்ளாம எடுத்துட்டுப் போற அளவுக்கு உரிமை யாருக்கு இருக்கு?

மாமா: வேலிச் சாவி இன்னொண்ணு வீட்டு ஆணியிலதான் தொங்குது... மாப்ள, எனக்கு என்னமோ...

அக்கா: ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. இந்தாங்க, இது கிளார்க்கு பிளாஸ்க். இந்தாடா, இது கஸ்டமர் பிளாஸ்க். பட்டையைக் குடுக்கும்போது என்கிட்டயும் இதே கதைதானே சொன்னீங்க!

மாப்ள: அக்கா... கட்டு போட்டது நீயா?

அக்கா: பின்ன? காவல் காக்கிறவரும், அது நிழல்ல உக்காந்து காஜா எடுக்கிறவனும் சேர்ந்து தோலை உரிச்சா, அந்த மரம் யார்கிட்ட போய் அழும்?

மாமா: தப்புதான்மா. ஆனா பட்டையோட குணம் பொய் இல்ல. கிளார்க்கு இப்போல்லாம் ராத்திரி அசையுறதே...

அக்கா: நேத்து அஞ்சு தடவை என் காலை மிதிச்சுட்டுப் போனாரு உங்க கிளார்க்கு.

மாப்ள: ஹ ஹ ஹா...

அக்கா: சிரிக்காத. உன் கஸ்டமரைப் பத்தி உன் பொண்டாட்டி அழுதுட்டே சொன்னா.

மாமா: அப்போ பட்டை வேலை செய்யலையா?

அக்கா: குடிச்சாத்தானே வேலை செய்யும்? முதல் நாளோட நிறுத்திட்டேன். ரெண்டு மாசமா ரெண்டு பேருக்கும் வெங்காயத் தோல் தண்ணிதான்.

மாப்ள: வெங்காயத் தோலா! அப்போ நாங்க கொண்டுவந்து குடுத்த பட்டையெல்லாம்?

அக்கா: அரைச்சு, சேத்தோட குழைச்சு மரத்துக்கே பத்து போட்டுக் கட்டிட்டேன். ஆறாத புண்ணுக்கு நல்லதுன்னு நீங்கதானே எழுதி வச்சீங்க? ஓரத்துல புதுத்தோல் எட்டிப் பார்க்குது, வெள்ளிக்கிழமை வர்றவங்ககிட்ட தைரியமாக் காட்டுங்க. இந்தாங்க, நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்க்க ரெண்டு டோக்கன். கிளார்க்கு, கஸ்டமர்னு பேரு எழுதினா ஒத்துக்கல... உங்க ரெண்டு பேரையும்தான் எழுதிக் குடுத்திருக்கேன்.