கை நனைக்க வந்தவர்கள்

— கடைசி வண்டியும் கிளம்பிட்டுங்க. உங்க பெரிய அண்ணன் வீட்டு அம்பாசிடர்.

— அண்ணனுமா? செல்லக்கனி, நல்லாப் பாத்துச் சொல்லு. மண்டபத்துக்குப் பின்னால வண்டிய நிப்பாட்டப் போயிருப்பாரு.

— தென்காசி ரோட்டுல திரும்பினத என் கண்ணால பாத்தேன். வாசல்ல நின்னு கும்பிட்டுக் கூப்பிட்டேன். மதினி கார்க் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டாக. உங்க அண்ணன் மட்டும், "கோயிலுக்கு வந்தோம், பொண்ணு மாப்பிள்ளைய ஆசீர்வாதம் பண்ணினோம், அம்புட்டுதாம்மா"ன்னாரு.

— கூடப் பிறந்தவன் மக கலியாணம். கை நனைக்காமப் போயிட்டாரா! சங்கரன்கோவில் மச்சான் எங்க?

— புதுசா டிராக்டர் எடுத்திருக்காராம். இன்னைக்குத்தான் வயல்ல எறக்கி ஓட்டிப் பாக்கணுமாம்.

— மகாராஜபுரத்துச் சித்தப்பா?

— தோப்ப ஒட்டி ஒரு நிலம் வாங்கியிருக்காராம். அளக்க ஆள் வருதாம்.

— கலியாணத்தன்னைக்கா? சரி, தங்கச்சி மகன் ராஜமணி? அவன நான் தோள்ல தூக்கி வளத்தேன்.

— அவனுக்குக் கலியாணம் ஆகி ஒரு மாசம் ஆகலல்ல. பொண்டாட்டி வீட்டுல தனியா இருக்காளாம்.

— ஏட்டி, அவன் பொண்டாட்டி கோயில்ல உன் பக்கத்துலதான உக்காந்திருந்தா!

— அதத்தான் நானும் சொன்னேன். காதுல விழாத மாதிரி ஸ்கூட்டர உதைச்சுட்டான். ஏங்க, எதுக்குச் சிரிக்கீய?

— சிரிக்காம? ஒருத்தனுக்கு நிலம், ஒருத்தனுக்கு மாட்டுக்குப் பதிலா டிராக்டரு, ஒருத்தனுக்குப் புதுப் பொண்டாட்டி. பைபிள்ல ஆண்டவர் சொன்ன கதை அப்படியே நம்ம மண்டபத்துல நடக்குதுட்டி.

— நானும் அதத்தான் நெனச்சேன். போன வருசம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெபக் கூட்டத்துல நீங்க அந்தக் கதையத்தான பேசுனிய. மாலை கூடப் போட்டாகளே.

— பேசுனேன். ஒரு மனுசன் பெரிய விருந்து வச்சான். கூப்பிட்டவன் ஒருத்தனும் வரல. நிலத்தப் பாக்கணும்ங்கான் ஒருத்தன், மாட்ட ஓட்டிப் பாக்கணும்ங்கான் இன்னொருத்தன், பொண்டாட்டி கட்டிருக்கேன்ங்கான் மூணாமத்தவன். விருந்து வச்சவனுக்கு வந்துச்சு பாரு கோவம்! தெருவுல நிக்குதவன், நடக்க முடியாதவன், கண்ணு தெரியாதவன், இல்லாதப்பட்டவன், அம்புட்டு பேரையும் கூட்டிட்டு வாங்கலே, என் வீடு நிறையணும்னான். மொதல்ல கூப்பிட்டவனுக்கு ஒரு பருக்கை கிடையாதுன்னுட்டான். தேவனோட ராஜ்யம் அப்படித்தான்னு நான் சொன்னப்போ கூட்டம் அசையாமக் கேட்டுச்சு.

— எனக்கு ஞாபகம் இருக்கு.

— அன்னைக்கு வாயால சொன்னேன். இன்னைக்குச் செஞ்சே காட்டுதேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பு. ரயில் கேட்டுக்கிட்ட நிக்குத ரிக்சாக்காரக, மூட்டை தூக்குதவக, பிச்சை எடுக்குதவக, ஒருத்தன் விடாமக் கூட்டிட்டு வரச் சொல்லு. பீர் முகமது பாய் கையால வச்ச பிரியாணி. அண்டா மூடியே இன்னும் தொறக்கல. இந்த ஐயாதுரை யாருன்னு நாளைக்கு அண்ணன் காதுக்கு எட்டணும்.

— செத்த பொறுங்க. சோறு போடணும்னு கூப்பிடுதீயளா, அண்ணன் வயிறு எரியணும்னு கூப்பிடுதீயளா?

— ரெண்டுக்குந்தான். அந்தக் கதையிலயும் அவன் கோவத்துலதான கூப்பிட்டான்?

— எனக்கு அந்தக் கதையில எப்பவும் ஒரு சந்தேகம் உண்டுங்க.

— ஆண்டவர் கதையிலயா?

— அவரு சொன்னதுல இல்ல, நாம கேட்டுக்கிட்டதுல. தெருவுல நின்னவன் எப்படி ஒரு வார்த்தை கேக்காம வந்தான்? மொதல்ல என்னையக் கூப்பிடலியே, பெரிய மனுசன் வரலன்னதும் என் ஞாபகம் வருதேன்னு அவனுக்குத் தோணியிருக்காதா? அவனுக்கும் ரோசம் இருக்கும்லா?

— அது... இப்படி யாரும் கேட்டதில்லட்டி.

— சரி, அந்தக் கதையில நீங்க யாரு?

— இது ஒரு கேள்வியா? விருந்து வச்சவன்.

— விருந்து வச்சவன் ஆள எண்ணிக் கூப்பிடலியே. நாம மாப்பிள்ள வீட்டுல போய் என்ன சொன்னோம்?

— என்ன சொன்னோம்?

— "மம்சாபுரத்துல இருந்து பத்து பேருக்கு மேல கூட்டிட்டு வந்துராதீய, எங்க சொந்தக்காரக முகம் சுளிப்பாக." நீங்க சொன்னிய. நான் பக்கத்துல காப்பி டம்ளரக் கையில வச்சுக்கிட்டு வாயத் தொறக்காம நின்னேன்.

— அண்ணன் வரணுமேன்னுதான சொன்னேன். மாப்பிள்ள வீட்டுக்காரகளும் நம்மளும் ஒரே கோயில், ஒரே ஜெபம். ஆனா அந்தத் தெரு வேற, நம்ம தெரு வேறன்னு அண்ணன் பேசுவாருன்னு உனக்குத் தெரியாதா?

— தெரியும். இப்ப அந்தப் பத்து பேரும் மாடிப்படிக்கிட்ட ஒதுங்கி உக்காந்திருக்காக. உங்க ஆளுக சாப்பிட்டு எந்திரிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்காக. உங்க ஆளுக உக்காரவே இல்ல.

— ஏட்டி, என்னையவே குத்தம் சொல்லாத. இந்த ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனி வச்சிருக்குத எத்தனை பேரு என்னைய மாதிரி மேடையில பேசுதான்? பேசுத எவனாவது அந்தத் தெருவுல பொண்ணு குடுத்திருக்கானா? நான் குடுத்தேன்.

— நீங்க எங்க குடுத்திய? நம்ம மக பியூலா ரெண்டு வருசம் நின்னு வாங்குனா. நீங்க பேசாம இருந்த நாளெல்லாம் அவ பேசுனா. நீங்க சாப்பிடாம எந்திரிச்ச நாளெல்லாம் தட்டோட பின்னாலயே வந்தா. ஒரு நாளாவது குரல ஒசத்தினாளா?

— இல்ல.

— இன்னைக்குக் கோயில்ல பாத்தியளா அவள? அம்புட்டு சொந்தமும் முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பாஸ்டரையா, "எபநேசரக் கட்டிக்கிட சம்மதமா?"ன்னு கேட்டாரு. கடைசி பெஞ்சுக்கும் கேக்குத மாதிரி, "சம்மதம்"னா. எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு.

— எனக்கும்தான். பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுத குரலு. கணீர்னு இருந்துச்சு.

— பொறவு ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டிய?

— அழுகை வந்துட்டுட்டி. அண்ணன் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

— அவரு பாத்தா என்ன? பெத்த மகள நெனச்சுப் பெருமைப்படுததுக்கும் அவருகிட்ட கேக்கணுமா?

— கேக்க வேண்டாம். சரி, நான் சொல்லுதேன் கேளு. பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் வேண்டாம். நம்ம கம்பெனி வேன எடுக்கச் சொல்லு. மம்சாபுரம் என்ன தூரமா? நாலஞ்சு நடை அடிச்சா மாப்பிள்ள தெரு மொத்தமும் இங்க வந்துரும். அந்தப் பரிபூரணத்தக் கூப்பிடு, நானே சொல்லுதேன்.

— பரிபூரணத்தம்மான்னு சொல்லுங்க. மாப்பிள்ளையப் பெத்தவக. இந்தா, அவியளே வாராக.

— வாங்கம்மா. ஏன் நிலைவாசல்லயே நின்னுட்டிய? உள்ள வாங்க.

— இருக்கட்டும் ஐயா.

— ஐயா என்ன ஐயா? மக கழுத்துல மாலையப் போட்டாச்சு, சம்மந்தின்னு கூப்பிடுங்க.

— சரிங்க சம்மந்தி.

— எங்க ஆளுக ஒருத்தரும் சாப்பிடல. போயிட்டாக. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

— பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம் சம்மந்தி. ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் எம் மகன் தலையத் தொங்கப் போட்டான். உங்க மக அவன் தாடையப் பிடிச்சு நிமித்தி விட்டா. "நிமிந்து உக்காருங்க, நாம என்ன களவா எடுத்தோம்?"ங்கா.

— அப்படியா சொன்னா? எம் மகள்லா!

— இப்ப எங்களுக்கும் மக, பாத்துக்கிடுங்க.

— பரிபூரணத்தம்மா, பத்து பேருன்னு அன்னைக்குச் சொன்னது என் தப்பு. இந்த ஐயாதுரை தப்புன்னு சொல்லி நீங்க கேட்டிருக்க மாட்டிய, இவளும் கேட்டதில்ல. இப்ப சொல்லுதேன். வேன் அனுப்புதேன். உங்க தெருவோட எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. நான் வாசல்ல நின்னு கூப்பிடுதேன்.

— வர மாட்டாக சம்மந்தி.

— ஏன்? கோவமா இருக்காகளா?

— கோவம் இல்ல. எங்க தெருவுலயும் ரோசக்காரங்கதான் இருக்காக. பத்து பேருதான்னு நான் வந்து சொன்னேன். எங்க முத்துப்பேச்சி மதினிதான், "அப்ப நம்ம பிள்ள கலியாணத்த நாமளே நடத்திக்கிடுவோம்"னாக. தெருவ அடைச்சுப் பந்தல் போட்டுட்டாக. ஒருத்தி அரிசி கொண்டாந்தா, ஒருத்தி தேங்கா. ஒரு வீட்டுல வளத்த கிடாவையே அவுத்து விட்டாக. பக்கத்துத் தெரு நூர்னிசா அக்கா அண்டா குடுத்தாக. விடியவே அடுப்பு மூட்டியாச்சு.

— இம்புட்டும் நடந்திருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?

— சொல்லிக் கூப்பிடத்தான் நேத்து வந்தேன். உங்க வீட்டு கேட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்.

— ஏம்மா திரும்புனிய? நான் வீட்டுலதான இருந்தேன்.

— உங்கள நெனச்சு இல்ல மதினி. வர முடியாதுன்னு சம்மந்தி சொல்லிட்டா? பியூலா முகத்தப் பாக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை எனக்கு ஞாபகம் வரும்லா. அது வேண்டாம்னுதான்.

— இப்ப அங்க எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிருப்பாகளோ?

— எங்க சாப்பிட? ஒரு இலை விழுந்திருக்காது மதினி. பொண்ணும் மாப்பிள்ளையும் வரணும். பொண்ணப் பெத்தவகளும் வருவாகளோன்னு சின்னப் பிள்ளைகூடப் பசி தாங்கிக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கும். பந்தல்ல முன்னால உங்க ரெண்டு பேருக்கும் இடம் விட்டு வச்சிருக்காக. வந்தா உக்காரட்டும், வராட்டா காலியாவே கிடக்கட்டும், வேற யாரும் அதுல உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாக.

— ஏங்க. என்ன சொல்லுதீய? அவிய நின்னுக்கிட்டே இருக்காக.

— அந்தப் பந்தியில நான் கை நனைச்சா, அண்ணன் வீட்டு வாசப்படி இனிமே எனக்கு இல்ல செல்லக்கனி.

— தெரியும்.

— கூட்டத்துல பேசவும் கூப்பிட மாட்டாக.

— கூப்பிட வேண்டாம். பேசுன வரைக்கும் போதும்.

— பீர் முகமது பாயிட்ட சொல்லு, அண்டா எல்லாத்தையும் வேன்ல ஏத்தட்டும். நாம வெறுங்கையோட போகக் கூடாது. மாடிப்படிக்கிட்ட இருக்குதவகள என் காருலயும் வேன்லயுமா ஏத்து. பியூலா எம் பக்கத்துல உக்காரட்டும்.

— நெசமாத்தான் சொல்லுதீயளா?

— முகத்தக் கழுவிட்டு வா செல்லக்கனி. நம்மள விருந்துக்குக் கூப்பிட்டிருக்காக.